கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழ வேண்டும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வாடைக்காற்று தொடங்குமுன் உங்கள் ஒவ்வொருவர் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஒருமுறை வரப்போகிறோம். சர்வர் இருக்கும் இடத்தில் இரண்டு மணி நேரம் வேலை இருக்கும். அதில் அரைமணி நேரம் பில் போட முடியாது. என்ன வேலை, எதற்காக என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் முறை என்று இந்த மடலை எழுதுகிறோம். இந்த வேலைக்குக் கட்டணம் கிடையாது. ஏன் கிடையாது என்பதும் கீழே இருக்கிறது.

போன ஆடியில் பாம்பன் பக்கம் மீன் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனிக்குப் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தோம். சர்வர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த கோடு போட்ட தாள். செலோடேப் மஞ்சளாகி, உப்புக்காற்றில் ஓரம் சுருண்டு தூக்கிக்கொண்டிருந்தது. கணக்கு எழுதும் அக்காவின் கையெழுத்தில் நாலு வரி. "கரண்ட் வந்தால்: 1. பட்டனை அழுத்தவும். 2. ஐந்து நிமிடம் பொறுக்கவும். 3. கறுப்புத் திரை வந்தால் வெளி டிஸ்க்கைக் கழற்றி மாட்டவும். 4. பில் வரவில்லை என்றால் தம்பிக்குப் போன்." நாலாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். அந்தத் தம்பி எங்கள் கடைப் பையன்தான்.

அக்கா எங்களைக் குறை சொல்லவே இல்லை. "கம்ப்யூட்டர்னா இப்படித்தானே தம்பி" என்றார். அதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. விடியற்காலை மூன்று மணிக்குப் படகு கரை சேரும் நேரத்தில் கரண்ட் போய் வந்தால், எடை போட ஆள் நிற்கும்போது, அவர் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் செய்திருக்கிறார். அந்த நாலு வரியும் இயந்திரத்துக்குள்ளே நாங்கள் எழுதி வைத்திருக்க வேண்டியவை. நாங்கள் எழுதாமல் விட்டதை அவர் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

திரைக்குப் பின்னால், யாரும் திறந்து வைக்காமலே ஓடும் நிரல்களைச் சர்வீஸ் என்போம். உங்கள் பில்லிங் நிரல் ஒரு சர்வீஸ். அது கணக்கை எழுதி வைக்கும் டேட்டாபேஸ் இன்னொன்று. இரவில் கணக்கை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கும் பேக்கப் வேறொன்று. லினக்ஸ் சர்வரில் இவற்றை எழுப்புவதும் நிறுத்துவதும் சிஸ்டம்டி என்ற மேலாளரின் பொறுப்பு. 2010இல் வெளிவந்தது, 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் வழக்கமான ஏற்பாடாகிவிட்டது. அதற்கும் முந்தைய சர்வர் வைத்திருப்பவர்களிடம் தனியாகப் பேசுகிறோம். அங்கே எழுப்பும் முறையே வேறு.

நாலாவது வரியில் தொடங்குகிறோம், அது முழுக்க எங்கள் தவறு என்பதால். சிஸ்டம்டியிடம் ஒரு சர்வீஸைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லலாம். 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடு. 'எனேபிள்' என்றால் இயந்திரம் எழும் ஒவ்வொரு முறையும் நீயும் எழு. எனேபிள் செய்வது மிகச் சின்ன வேலைதான்: இயந்திரம் எழும்போது யாரையெல்லாம் எழுப்ப வேண்டும் என்று பார்க்கிற ஃபோல்டரில் அந்தச் சர்வீஸுக்கு ஓர் இணைப்பு வைத்துவிடும். இணைப்பு இருந்தால் எழும், இல்லையென்றால் எழாது. நிறுவிய அன்று நாங்கள் ஸ்டார்ட் கொடுத்தோம். ஓடியது. பில் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். எனேபிள் கொடுக்கவில்லை. சர்வீஸ் ஓடுவதை மட்டும் பார்த்து அது நாளைக்கும் எழுமா என்று கண்டுபிடிக்க முடியாது. எனேபிள் ஆகியிருக்கிறதா என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும், கேட்காவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகுதான் தெரியும். பாம்பனிலிருந்து வந்த பிறகு மற்ற இடங்களைத் தொலைவிலிருந்தே சோதித்தோம். இன்னும் சில இடங்களில் அதே தவறு இருந்தது. கட்டணம் இல்லை என்றதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வரி, ஐந்து நிமிடம் பொறுப்பது. அக்கா அனுபவத்தில் கண்டுபிடித்த வழி அது, சரியான வழியும்கூட. டேட்டாபேஸ் தயாராகும் முன்பே பில்லிங் நிரலை எழுப்பினால், அது கதவைத் தட்டி, யாரும் திறக்கவில்லை என்று செத்துப்போய்விடும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எழுப்பினால் ஓடும். பாம்பனில் தூக்குப்பாலம் இறங்கத் தொடங்கியதும் ரயிலை விடுவதில்லை. இறங்கி, பொருந்தி, பூட்டிக்கொண்ட பிறகுதான் சிக்னல் விழும். சர்வரிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். 'ஆஃப்டர்' என்று ஒரு வரி எழுதினால் டேட்டாபேஸுக்குப் பிறகு பில்லிங் என்று வரிசை விழும். ஆனால் வரிசை மட்டும் போதாது. டேட்டாபேஸ் எழத் தொடங்கியதற்கும் எழுந்து தயாரானதற்கும் இடையில் நேரம் இருக்கிறது. மரியாடிபி போன்ற டேட்டாபேஸ்கள் 'நான் தயார்' என்று சிஸ்டம்டிக்குத் தாங்களே சேதி சொல்லும். அந்தச் சேதி வந்த பிறகே அடுத்தது எழும். நீங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸ் அப்படிச் சொல்லுமா என்று பார்த்து, சொல்லாது என்றால் கதவு திறந்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை நடுவில் வைப்போம்.

அப்படியும் ஏதோ ஒரு காரணத்தால் விழுந்தால் தானே எழட்டும் என்று 'ரீஸ்டார்ட்' போடலாம். இதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களே இடறும் இடம் ஒன்று உண்டு. சும்மா ரீஸ்டார்ட் என்று மட்டும் போட்டால், விழுந்த சர்வீஸைச் சிஸ்டம்டி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே மறுபடி எழுப்பும். பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் இது தேறாது என்று கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் கண் விழிப்பதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துபோகும். அதனால் பத்து விநாடி இடைவெளி விட்டு, ஐந்து நிமிடத்துக்குள் இருபது முறை வரை முயல வேண்டும் என்று எழுதி வைக்கப்போகிறோம். அதற்கும் எழவில்லை என்றால் உண்மையிலேயே கோளாறு. அப்போது எங்கள் போனுக்குத் தானே செய்தி வரும், உங்களில் யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

மூன்றாவது வரியில் இருக்கும் கறுப்புத் திரைக்குப் பாதிக் காரணம் நம் கடல். பேக்கப் டிஸ்க்கின் யுஎஸ்பி முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய தகடுகளில் வெளிறிய பச்சையாகப் பொரிந்திருக்கும். அந்தப் பொரி ஏறினால் டிஸ்க் மாட்டியிருந்தும் சர்வரின் கண்ணுக்கு அது தெரியாது. கழற்றி மாட்டினால் உரசலில் கொஞ்சம் சுத்தமாகி மறுபடி தெரியும். அக்கா கண்டுபிடித்ததும் இதைத்தான். ஆனால் ஒரு பேக்கப் டிஸ்க் தெரியவில்லை என்பதற்காக முழு சர்வரும் எழாமல் ஏன் நிற்க வேண்டும்? எழும்போது இந்த டிஸ்க் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பட்டியலில் இருந்தால், சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து பார்க்கும். வரவில்லை என்றால் அவசர நிலைக்குப் போய்க் கறுப்புத் திரையில் நின்றுவிடும். 'நோஃபெயில்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்.

அதோடு விட்டாலும் ஆபத்து. டிஸ்க் மாட்டப்படாத நிலையில் பேக்கப் ஓடினால், டிஸ்க் இருக்க வேண்டிய வெறும் ஃபோல்டருக்குள் எழுதி எழுதி, சர்வரின் சொந்த டிஸ்க்கை நிரப்பிவிடும். நிரம்பினால் பில்லிங்கும் நிற்கும். அதனால் அந்த டிஸ்க் மாட்டியிருந்தால் மட்டுமே ஓடு என்று பேக்கப் சர்வீஸிலும் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்கிறோம். பேக்கப் ஓட வேண்டிய இரவு 11 மணிக்கு சர்வர் அணைந்து கிடந்தால், விடுபட்ட பேக்கப் மறுநாள் சர்வர் எழுந்ததும் தானே ஓடும்படி, நேரம் பார்த்துச் சர்வீஸை எழுப்பும் டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதையும் போட்டுவிடுவோம்.

அக்காவின் தாளில் ஒரு வரிகூட இல்லாத விஷயம், சர்வரை நிறுத்துவது. இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட எங்களுக்கு இதில்தான் கவலை அதிகம்.

ஒழுங்காக நிறுத்தினால் என்ன நடக்கும்? எழுந்த வரிசைக்கு நேர் தலைகீழாக நிற்கும். முதலில் பில்லிங், அதன் பிறகு டேட்டாபேஸ், கடைசியில் டிஸ்க். கரை வந்த படகில் நங்கூரம் பாய்ச்சும் முன் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை, அதே மாதிரி. ஒவ்வொரு சர்வீஸுக்கும் சிஸ்டம்டி முதலில் ஒரு சைகை காட்டும்: கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டுக் கிளம்பு. அதன் பேர் சிக்டெர்ம். வழக்கமாக 90 விநாடி பொறுத்துப் பார்க்கும். கிளம்பவில்லை என்றால் சிக்கில். கேள்வி முறை இல்லாமல் வெட்டிவிடும். மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த 90 விநாடி போதாது, ஐந்து நிமிடமாக உயர்த்துகிறோம்.

கரண்ட் பட்டென்று போனால் இதில் எதுவுமே நடக்காது. எழுதி முடித்த கணக்கை டேட்டாபேஸ் தன் குறிப்பேட்டிலிருந்து மீட்டுக்கொள்ளும், அதற்கு நேரம் பிடிக்கும். அக்கா பொறுத்த ஐந்து நிமிடத்தில் இந்த நேரமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பாதி எடை போட்ட பில் போனது போனதுதான். "யுபிஎஸ் இருக்கிறதே" என்று பலர் கேட்கிறீர்கள். யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், இருபத்தோராவது நிமிடம் சர்வரை அது பட்டென்று அணைத்துவிடும். இடையில் கரண்ட் இல்லை என்ற சேதி சர்வருக்குத் தெரிந்தால்தானே அது ஒழுங்காகப் படுக்கும்? யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் வேண்டும், உள்ளே நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச நிரல் வேண்டும். கேபிள் பல இடங்களில் யுபிஎஸ் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடக்கிறது. சின்ன யுபிஎஸ்களில் பலவற்றில் கேபிள் குத்தும் துளையே இருப்பதில்லை. அடுத்த முறை வாங்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேட்டரி தீரும் நிலைக்கு வந்த பிறகு அணைக்கலாம் என்றுதான் பெரும்பாலானவர்கள் அமைப்பார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. நம் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தேயும், பழைய பேட்டரி காட்டும் அளவை நம்ப முடியாது. கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் நிறுத்தத் தொடங்கு என்று வைக்கிறோம். ஜெனரேட்டர் இருப்பவர்களுக்கு அதற்குள் ஓட ஆரம்பித்துவிடும், சர்வர் அசையாது.

இப்போது முதல் வரி, பட்டனை அழுத்துவது. கரண்ட் வந்ததும் இயந்திரம் தானே எழ, பயாஸ் என்ற, இயந்திரம் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில் ஓர் அமைப்பு உண்டு. அதில் 'லாஸ்ட் ஸ்டேட்' என்று வைத்தால் கடைசியாக இருந்த நிலைக்குப் போகும். நாம்தான் ஒழுங்காக அணைத்திருக்கிறோமே, அதனால் அணைந்தே கிடக்கும். 'பவர் ஆன்' என்றுதான் வைக்க வேண்டும். அப்படியும் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் ஒழுங்காகப் படுத்துவிட்டது, யுபிஎஸ்ஸில் இன்னும் பேட்டரி மிச்சம், அதற்குள் கரண்ட் வந்துவிட்டது என்று வையுங்கள். சர்வரின் கண்ணில் கரண்ட் போகவே இல்லை, எனவே வரவும் இல்லை. தூங்கிக்கொண்டே இருக்கும். இதற்காக, சர்வர் படுக்கும் கடைசி நொடியில் யுபிஎஸ்ஸிடம் 'என் பின்னால் நீயும் அணைந்து, கரண்ட் இருந்தால் மறுபடி கொடு' என்று சொல்லிவிட்டுப் படுக்க வைக்க வேண்டும். இதை ஏற்கும் யுபிஎஸ் எது, ஏற்காதது எது என்று நேரில் வந்து சோதித்தால்தான் தெரியும். இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. சர்வீஸ் பட்டியலில் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, டேட்டாபேஸை நம்பி இருப்பதைத் தாமதத் தொடக்கமாக வைத்து, 'ரெகவரி' பக்கத்தில் மறுபடி எழுப்பச் சொன்னால் பெரும்பாலும் போதும். ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டு வைத்த நிரல்கள் மட்டும், யாராவது பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போனால்தான் எழும். அவற்றைச் சர்வீஸாக மாற்றித் தருகிறோம்.

மீன் கம்பெனிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஏலம், எடை சர்வீஸ்களை நிறுத்தி வைக்கச் சொல்கிறீர்கள். 'டிஸேபிள்' செய்தால் தானாக எழாது, ஆனால் வேறொரு சர்வீஸ் தேவைப்பட்டு இழுத்தால் எழுந்துவிடும். 'மாஸ்க்' செய்தால் யார் இழுத்தாலும் எழாது, ஜூன் 15 விடிகாலையில் நீங்களே எழுப்பினாலும் எழாது. மாஸ்க்கை எடுக்கும் நாளையும் சேர்த்து எங்கள் நோட்டில் குறித்துக்கொள்வோம், முந்தின நாளே எடுத்துவிடுவோம்.

புரட்டாசி முதல் வாரம் கீழக்கரையில் தொடங்கி, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் என்று போகிறோம். தேவிபட்டினம், தொண்டி பக்கம் அதற்கடுத்த வாரம். ராமேசுவரத்து லாட்ஜ்காரர்கள் மகாளய அமாவாசைக் கூட்டம் கழிந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். வரும் முன்தினம் போன் செய்வோம். சர்வரின் நிர்வாகி பாஸ்வேர்ட் எழுதிய கவரையும், யுபிஎஸ்ஸோடு வந்த கேபிளையும் எடுத்து வையுங்கள். முதலாளி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் பில் போடுபவர் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு பில் பாதியில் இருக்கும்போதே சுவரிலிருந்து யுபிஎஸ் பிளக்கை உருவுவோம். சர்வர் படுக்கும், மறுபடி மாட்டியதும் எழும். அவர் எதையும் தொடாமல் அடுத்த பில் வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

உங்கள் சர்வர் மேலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால், நாங்கள் வரும் வரை தயவுசெய்து கிழிக்க வேண்டாம். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணினிக் கடையினர்,
கீழக்கரை