எங்க டிராகன் தலைக்குக் கண் திறந்தவங்களுக்கு நன்றி

வணக்கம் எல்லாருக்கும். போன ஞாயித்துக்கிழமை பினாங்கு தெலுக் பஹாங் அணைக்கட்டுல எங்க யூனிவர்சிட்டி டிராகன் படகு டீம் ஃபைனல்ல நாலாவதா வந்துச்சு. மெடல் இல்ல. ஆனா நாங்க தண்ணியில இறங்குனதுக்கே காரணமா இருந்தவங்க இருக்காங்க, அதுல பாதிப் பேரு போன்ல இதெல்லாம் பாக்குறவங்க இல்ல, தெரிஞ்சவங்க படிச்சுக் காட்டுங்க ப்ளீஸ்.

மொதல்ல ஆயர் ஈத்தாம் காவடி அங்கிளுக்கு. ரேஸுக்கு ஒம்பது நாள் இருக்கும்போது லோரியில இருந்து இறக்குறப்ப, படகு முன்னால மாட்டுற டிராகன் தலை கீழ விழுந்து ஒரு கொம்பு முறிஞ்சு தாடையும் பிளந்துபோச்சு. அது சீனியர்ங்க கைமாத்திக் கொடுத்துட்டுப் போன தலை, புதுசா சேர்ற பிள்ளைங்க அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் மொத தடவ துடுப்பையே எடுப்பாங்க. புதுசு வாங்கித் தர்றோம்னு சொன்ன ஸ்பான்சர் அப்புறம் போனே எடுக்கல.

அங்கிள் தைப்பூசத்துக்குக் காவடி கட்டுறவரு, டிராகன் தலையெல்லாம் தொட்டதே இல்லன்னாரு. ஆனாலும் கொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பிரம்பை ஊற வச்சு வளைச்சுக் கட்டி, அதுமேல துணி, ரெசின், காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு மறுபடியும் ரெசின், இப்படியே மூணு ராத்திரி. கடைசி ராத்திரி எங்க கோச்சும் வந்தாரு, அவரு சீனரு, ரெண்டு பேரும் மலாய்லதான் பேசிக்கிட்டாங்க. தங்கக் கலர் அடிச்சு முடிச்சதும் அங்கிள் பிரஷ்ஷைக் கழுவி வச்சுட்டாரு, கண்ணு மட்டும் வெள்ளையாவே இருக்கு. ஏன் அங்கிள்னு கேட்டா, "கோயில் சிலைக்கே கண்ணு கடைசியிலதாம்மா திறப்பாங்க, அதை எப்படி நான் தொடறது"ன்னாரு. நான் அதை மலாய்ல சொன்னதும் கோச் அப்படியே அவரு தோளைப் புடிச்சுக்கிட்டாரு, ஏன்னா டிராகன் படகுலயும் அதே வழக்கம்தான், கண்ணுல சிவப்புப் புள்ளி வச்சாதான் டிராகன் முழிக்கும்னு சொல்லுவாங்க. ரேஸ் அன்னைக்குக் காலையில கோச் பிரஷ்ஷை அங்கிள் கையிலயே கொடுத்துட்டாரு. அங்கிள் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்னுட்டு, அப்புறம்தான் வச்சாரு. காசு ஒரு சென் வாங்கல.

அடுத்து எங்க அண்ணனுக்கு. படகுல இருபது பேரு துடுப்பு போடுவாங்க, பின்னால ஒருத்தர் நின்னுக்கிட்டே திசை திருப்புவாரு, முன்னால அவங்க முகத்தைப் பாத்து உக்காந்து மேளம் அடிக்கிறது நான். மேளம்தான் படகை ஓட்டுதுன்னு நெனைப்பாங்க, உண்மையில மொத வரிசை ரெண்டு பேரு துடுப்பு தண்ணியில விழற நேரத்தைப் புடிச்சுத்தான் நான் அடிக்கணும், அந்தச் சத்தம்தான் பத்தாவது வரிசை வரைக்கும் போய்ச் சேரும். அண்ணன் உறுமி மேளக் குரூப்ல இருக்காரு, அதைக் கேட்டே வளந்த கை, தானா வேகம் ஏத்திடும். அதுக்காக அண்ணன் வேலை விட்டு வந்து தெனமும் வாசல்ல வாளித் தண்ணியில துடைப்பக்கட்டையை விடுவாரு, அது தண்ணியைத் தொடற அதே நேரம் நான் பிஸ்கட் டின்ல அடிக்கணும், முந்துனா மறுபடியும் மொதல்ல இருந்து. ரெண்டு வாரம் அக்கம்பக்கத்துல யாரும் ஒரு வார்த்தை சொல்லல, அவங்களுக்கும் நன்றி.

கோச்சுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பினாங்குல அனைத்துலக டிராகன் படகு விழா 1979-ல ஆரம்பிச்சது, அந்தக் காலத்துக் கதையெல்லாம் சொல்லுவாரு. சூ யுவான்னு பழைய காலத்துச் சீனக் கவிஞர் ஒருத்தர் ஆத்துல இறங்கி உயிரை விட்டப்ப, மீனுங்க அவரு உடம்பைத் தொடக்கூடாதுன்னு ஜனங்க படகுல போய் மேளம் அடிச்சாங்களாம். அதைக் கேட்டதுல இருந்து நான் மேளக்கட்டையை அலட்சியமா எடுத்ததே இல்ல கோச்.

ஒட்டுக்கடை ஆண்டி, விடிகாலை நாலரைக்கே எழுந்து இருபத்திரண்டு பேருக்கு இட்லி தாப்பாவ் பண்ணி, அதான் பொட்டலம் கட்டிக் கொடுத்தீங்க, காரம் ஆகாதவங்களுக்காக சாம்பாரைத் தனியா வச்சீங்க. லெபோ பாசார் டைலர் அண்ணே, ஜெர்சி ஒரே நாள்ல மாத்தித் தச்சுக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி.

அப்புறம் எங்க கூட ஃபைனல்ல மோதி மூணாவதா வந்த டீம். ஃபைனலுக்கு முந்தின ஹீட்ஸ் சுத்துல எங்க துடுப்புல மூணு உடைஞ்சுபோச்சு, நாங்க கேக்கவே இல்ல, அவங்களா வந்து அவங்களோடத நீட்டுனாங்க. அதை வச்சே அவங்களை ஜெயிக்கப் பாத்தோம், முடியல. துடுப்பு மூணையும் கழுவித் தொடச்சு வச்சிருக்கோம், வர்ற சனிக்கிழமை சாயங்காலம் உங்க ஹாஸ்டலுக்குக் கொண்டு வர்றோம், ஆண்டி கடை வடையோட.