மாத்திரையை விடு, ஸ்டிக்கர் அனுப்பு

அன்புள்ள சாந்தி,

நான் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை, மழையும் விடுகிறதாக இல்லை. உன் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறானாமே, அதற்குள்ளேயா!

எங்கள் இலவச கிளினிக்குக்கு என்ன மாத்திரை அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். ஃபார்மசிக்காரி, வேறென்ன கேட்பாய்? கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை மிட்வைஃப் மிஸ்ஸே கொடுக்கிறார், அதில் குறையில்லை. போன ஞாயிறு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் மேசை போட்டிருந்தோம். (வேலை நாளில் வைத்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், ஒருத்தரும் வரமாட்டார்கள்.) வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிப்போய்க் கிடக்கிறது. மாத்திரை போடுகிறாயா என்றால், "ஒரு நாளும் விட்டதில்ல மிஸ்" என்கிறாள். எப்போது போடுகிறாய்? விடிய ரொட்டியும் பிளேன்டியும், அந்தத் தேத்தண்ணியிலேயே மாத்திரையையும் முழுங்கிவிடுவாளாம். தேயிலையில் இருக்கிற டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, அது உனக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? ஆனால் அவளுக்கு யாரும் சொல்லவில்லையே! பச்சைத் தண்ணியில் போடு, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடி என்றேன், அவ்வளவுதானா என்று சிரிக்கிறாள்.

2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்கப் பார்த்தால் 17 வீதம், தோட்டங்களில் மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 32 வீதம். இதற்குப் போஷாக்கு வகுப்பு என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஆப்பிளும் பாலும் முட்டையும் போட்ட படத்தைத் தொங்கவிடுகிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தின்கிற வீட்டில் அதே ரொட்டிக்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று சொன்னால்தானே காதில் ஏறும்! வாய்க்கால் ஓரத்து வல்லாரையை அரிந்து தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் விட்டால் சம்பல், அந்தப் புளியே கீரையிலுள்ள இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். நெத்தலி வாங்க முடிந்த கிழமை அதைப் பருப்போடு போடலாம். அப்புறம் இந்தத் திரிபோஷா, அரசாங்கம் கொடுக்கிற சத்துமா. எடை குறைந்த பிள்ளைக்கென்று கொடுக்கிற பாக்கெட்டை வீட்டிலுள்ள நாலு பிள்ளைகளும் உருண்டை பிடித்துத் தின்று இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள் என்று திட்டுகிறவர்கள் உண்டு. பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மூத்ததுக்கு இல்லை என்று எந்தத் தாய் சொல்வாள்? எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

பிரஷர், சீனி பார்க்கிற வேலையும் நடக்கிறது. ஆனால் கூடியிருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று துண்டு எழுதிக் கொடுப்பதோடு நம் கை கழுவியாயிற்று, போனார்களா என்று யார் பார்க்கிறார்கள்? இனி புதுத் தோட்டம் தேடாமல் அதே இரண்டு தோட்டத்துக்கே மாதாமாதம் போவோம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். டாக்டர் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. பார்ப்போம்.

அதனால் மாத்திரை வேண்டாம். சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் கிடைத்தால் அனுப்பு, முக்கியமாக மருந்து உறையில் ஒட்டுகிற மாதிரி சின்ன ஸ்டிக்கர் அடித்துத் தா, தமிழில், பெரிய எழுத்தில்: "தேத்தண்ணியோடு போட வேண்டாம்". எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், கோப்பைக்கு மேலே ஒரு கோடு போட்ட படமும் இருக்கட்டும். ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் ஸ்டாண்டில் வந்து எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
மல்லிகா