இண்டியானாபொலிஸ் 500: நாங்கள் பட்ட நன்றிக்கடன்

அன்புள்ள எல்லோருக்கும்,

2023 மே 28 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வேயில், இண்டி 500 கார் ரேஸ் பார்க்க, இரண்டாம் திருப்பத்தை ஒட்டிய மேடையில் நானும் என் கணவரும் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பலருக்கு எங்களைத் தெரியாது, சிலர் இப்போது உயிரோடு இல்லை, ஒருவரின் பெயரைக் கேட்டுக்கொள்ள அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. தனித்தனியாகத் தேடி வந்து சொல்ல வழி தெரியாததால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

ரேஸைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். இரண்டரை மைல் ஓவல், அதாவது நீள்வட்ட ஓடுபாதை, 200 சுற்று, 33 கார்கள். அந்த வருடம் அலெக்ஸ் பலோ முதலிடத்தில் தொடங்கினார், தகுதிச் சுற்றில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 234.217 மைல், அதாவது ஏறக்குறைய 377 கிலோமீட்டர். 500-இன் வரலாற்றில் அதைவிட வேகமாக ஓட்டி முதலிடம் பிடித்தவர் அதுவரை இல்லை. ரேஸின் பெரும்பகுதி அமைதியாகவே போனது. ஸ்டிங் ரே ராப் சுவரில் மோதினார், அப்புறம் ரொமெய்ன் குரோஜான் மோதினார், டயர் மாற்றவும் எரிபொருள் போடவும் கார்கள் ஒதுங்குகிற பிட் பாதையில் ரைனஸ் வீகே பலோவின் காரை இடித்தார், அவ்வளவுதான். கடைசிப் பதினாறு பதினேழு சுற்றில்தான் எல்லாமே நடந்தது.

ஃபீலிக்ஸ் ரோசன்க்விஸ்டின் கார் வெளிச்சுவரில் உரசி, கட்டுப்பாடு இழந்து, சுழன்றுகொண்டே எங்கள் பக்கம் வந்தது. பின்னால் வந்த கைல் கிர்க்வுட்டுக்கு விலக இடமே இல்லை. அவருடைய காரின் இடது பின்சக்கரம் ரோசன்க்விஸ்டின் காரில் பட்டுப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது. தடுப்பு வேலி எவ்வளவு உயரம் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும், அதையும் தாண்டிப் போனது. ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்த மேடைக்கும் பக்கத்திலிருந்த விருந்தினர் அறைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் பறந்து, பின்னால் நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் காரின் மேல் விழுந்தது. கிர்க்வுட்டின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து, தீப்பொறி பறக்க, சுவரை ஒட்டி நீண்ட தூரம் சறுக்கிக்கொண்டே போனது. நான் சக்கரத்தைப் பார்த்தேன், என் கணவர் காரைப் பார்த்தார், அப்பா இரண்டையும் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதல் நன்றி, மஞ்சள் சட்டை போட்ட அந்த அம்மாவுக்கு. ஸ்பீட்வேயில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களை அந்தச் சட்டையை வைத்தே எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சுற்றிலும் ஒவ்வொரு வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுவதை நாங்கள் சொல்வதற்கு முன்பே கவனித்தீர்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய இடம், அதுவும் எல்லோரும் எழுந்து நின்று ட்ராக்கையே பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், நீங்கள் ஒருவர் மட்டும் ட்ராக்குக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துப் படியிறக்கி, முதலுதவி இடம் வரைக்கும் கூடவே வந்தீர்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் நீங்கள் அவரிடம்தான் பேசினீர்கள், எங்களைப் பார்த்து அவரைப் பற்றிப் பேசவில்லை. அப்பா அதை இன்றைக்கும் சொல்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை, அதிர்ச்சிதான் என்று பார்த்துச் சொன்ன செவிலியருக்கும் நன்றி.

பக்கத்து இருக்கையில் இருந்த தாத்தாவுக்கும் பேரனுக்கும் நன்றி. ஹெட்ஃபோனில் அணிகளின் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், "கிர்க்வுட் பேசுகிறார், நன்றாக இருக்கிறார்" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். அதைக் கேட்கும் வரைக்கும் எங்களுக்கு மூச்சே வரவில்லை.

அடுத்து, இந்த ரேஸ் இடம்பெறுகிற இண்டிகார் தொடரின் பாதுகாப்புக் குழுவுக்கு. ஒவ்வொரு ரேஸுக்கும் கூடவே போகிற மருத்துவர்களும் தீயணைப்பு வீரர்களும் முதலுதவிக்காரர்களும் சேர்ந்த குழு இது. தலைகீழாகக் கிடந்த கார் நின்ற கையோடு நீங்கள் அங்கே இருந்தீர்கள். பதறாமல் நிமிர்த்தினீர்கள், கிர்க்வுட் தானே நடந்து போனார். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு இதே மைதானத்தில் 2015-இல் நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். பயிற்சியில் ஜேம்ஸ் ஹிஞ்ச்கிளிஃப் சுவரில் மோதியபோது சக்கரத்தைக் காரோடு இணைக்கிற சஸ்பென்ஷன் கம்பி ஒன்று அவருடைய தொடையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த ஆளை மருத்துவமனை வரைக்கும் உயிரோடு கொண்டு சேர்த்தது நீங்கள்தான். மறு வருடமே அவர் இங்கே திரும்பி வந்து முதலிடத்தில் தொடங்கினார். இப்படி ஒரு மருத்துவக் குழு ரேஸோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று நின்று வழிகாட்டிய மருத்துவர்கள் ஸ்டீவ் ஓல்வி, டெர்ரி டிராமெல் இருவருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு அந்தச் சக்கரம் யார் மேலும் விழாதது அதிர்ஷ்டம். அப்பா முருகன் என்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் கிர்க்வுட் உயிரோடு எழுந்து வந்ததற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன், அதனால்தான் மடல் நீண்டுவிட்டது.

முதலில், கார்கள் போய் மோதிய அந்த வெளிச்சுவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங்கும் அவருடைய குழுவும் உருவாக்கிய சுவர் அது. கான்கிரீட்டுக்கு முன்னால் இரும்புக் குழாய்கள், நடுவில் நுரைப் பொதிகள், மோதுகிற வேகத்தைச் சுவரே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 2002-இல் முதன்முதலாக அதைப் பொருத்தியது இந்த ஸ்பீட்வேயில்தான். அன்று ஒரே ரேஸில் எத்தனை கார்கள் அந்தச் சுவரில் போய் மோதின! இறங்கி வந்தவர்களின் கழுத்தைக் காத்த ஹான்ஸ் சாதனம் பாப் ஹப்பர்டும் அவருடைய மைத்துனர் ஜிம் டவ்னிங்கும் செய்தது. ஒருவர் உடலியக்கம் படித்த பேராசிரியர், மற்றவர் ரேஸ் ஓட்டுநர். 1981-இல் நண்பர் ஒருவரை ட்ராக்கில் பறிகொடுத்த பிறகு தொடங்கிய வேலை. அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது ஓட்டுநர்களே பல வருடம் வேண்டாம் என்றார்கள். விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு நன்றி.

2023-இல் எல்லோரும் ஓட்டிய கார் வகைக்கு டிடபிள்யூ12 என்று பெயர். அதைச் சோதித்து ஓட்டிக் கொடுத்தவர் டேன் வெல்டன். 2011-இல் இண்டி 500 ஜெயித்தார், அதே வருடம் அக்டோபரில் லாஸ் வேகஸ் ஓவலில் பதினைந்து கார்கள் மோதிய விபத்தில் இறந்துபோனார். அவர் உதவி செய்து உருவான கார் களத்துக்கு வந்ததைப் பார்க்க அவர் இல்லை, அவருடைய முதலெழுத்துகளைத்தான் காருக்கு வைத்தார்கள்.

ஓட்டுநர் உட்காருகிற காக்பிட்டைச் சுற்றி இருக்கிற டைட்டானியம் சட்டமும் கண்ணாடி போன்ற தடித்த திரையும் 2020-இல் வந்தவை. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற பேச்சை வலுக்க வைத்தது 2015 ஆகஸ்டில் போகோனோ ட்ராக்கில் அடிபட்ட ஓட்டுநர் ஜஸ்டின் வில்சனின் மரணம். முன்னால் மோதிய காரின் மூக்குப்பகுதி பறந்து வந்து அவருடைய ஹெல்மெட்டில் பட்டது. வில்சன் குடும்பத்துக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஜஸ்டினின் உறுப்புகள் ஆறு பேரைக் காப்பாற்றின. தம்பி ஸ்டெஃபன் வில்சன் இந்த 2023 ரேஸிலேயே ஓட்ட வேண்டியவர், அந்த வாரத் திங்கட்கிழமைப் பயிற்சியில் மோதி முதுகெலும்பு முறிந்ததால் ஓட்ட முடியாமல் போனது. கிர்க்வுட் தலைகீழாகச் சறுக்கியபோது அவருடைய தலைக்கும் தரைக்கும் நடுவில் நின்ற சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அண்ணன் தம்பி ஞாபகம்தான் வருகிறது.

பார்வையாளர்களாகிய எங்களுக்காக உழைத்தவர்களும் இருக்கிறார்கள். 1987-இல் இதே ஸ்பீட்வேயில் கழன்று வந்த சக்கரம் பட்டு மேடையில் இருந்த ஒருவர் இறந்தார். 1998-இல் மிச்சிகனில் மூன்று பேர், 1999-இல் சார்லட்டில் மூன்று பேர், எல்லோரும் எங்களைப் போல டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் சக்கரத்தைக் காரோடு கட்டிவைக்கிற கயிறுகள் கட்டாயமாயின, வேலிகளும் உயர்ந்தன. கிர்க்வுட்டின் காரில் அந்தக் கயிறு அறுபடவில்லை, சக்கர அச்சை இறுக்கிப் பிடிக்கிற நட்டுப் பகுதிதான் விட்டுக்கொடுத்தது. அதை எடுத்து ஆராய்ந்து, அந்த சீசன் முடிவதற்கு முன்பே உறுதியான பாகத்தை மாற்றி வைத்த, இந்தக் கார்களைச் செய்கிற டல்லாரா நிறுவனத்துப் பொறியாளர்களுக்கும் இண்டிகார் தொழில்நுட்பக் குழுவுக்கும் மிகப் பெரிய நன்றி. யார் மேலும் விழவில்லையே என்று விட்டிருந்தால் விட்டிருக்கலாம். சிதறல் பட்டு ஒருவருக்குச் சிறு காயம், அன்றே சிகிச்சை செய்து அனுப்பிவிட்டார்கள், ஒரு கார் சேதம், அவ்வளவுதானே என்று கோப்பை மூடவில்லை நீங்கள். எனக்கு நீங்கள் செய்ததிலேயே இதுதான் பெரிதாகப் படுகிறது.

சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தியவர்களுக்கும் நன்றி. மூன்று முறை நிறுத்தினார்கள். கிர்க்வுட் கவிழ்ந்தபோது முதல் முறை. பாட்டோ ஓ'வார்ட் மூன்றாம் திருப்பத்தில் மார்கஸ் எரிக்சனை உள்பக்கமாக முந்தப் பார்த்துச் சுவரில் போய் விழுந்தபோது இரண்டாம் முறை, அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே பின்வரிசைக் கார்கள் ஒன்றோடொன்று இடித்தபோது மூன்றாம் முறை. கடைசியில் ஒரே ஒரு சுற்றுக்காகப் பிட் பாதையிலிருந்து கார்களை அனுப்பியது சரியா என்று எரிக்சன் கேட்டார். டயர் சூடாவதற்குக்கூட நேரம் இல்லாத அந்த ரீஸ்டார்ட் எனக்கும் ஏற்பாக இல்லை, மறைக்கவில்லை. ஆனாலும் குப்பையும் துண்டுகளும் கிடக்கிற ட்ராக்கில் யாரையும் ஓட விடாமல் ஒவ்வொரு முறையும் முழுவதும் நிறுத்திச் சுத்தம் செய்தது சரி.

அந்தக் கடைசிச் சுற்றை அப்பா தவறவிடவில்லை. முதலுதவி இடத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தார். பதினேழாவதாகத் தொடங்கிய ஜோசஃப் நியூகார்டன் எரிக்சனை மூன்றாம் திருப்பத்துக்கு முன்னால் முந்தி, பின்னால் வருகிற காருக்குக் காற்று மறைவு கிடைக்காதபடி வளைந்து வளைந்து ஓட்டி, 0.0974 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். பன்னிரண்டாவது முயற்சியில் முதல் வெற்றி. காரை நிறுத்திவிட்டு வேலியின் இடுக்கில் புகுந்து கூட்டத்துக்குள்ளேயே போய்விட்டார்! கல்லூரி நாட்களில் சோழவரம் ரன்வேயில் வெயிலில் நின்று ரேஸ் பார்த்தவர் அப்பா, வாழ்நாளில் ஒரு முறையாவது இண்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். நன்றி நியூகார்டன். இரண்டாவதாக வந்தும் கண்ணியமாகப் பேசிய எரிக்சனுக்கும் நன்றி.

கடைசியாக, ஸ்பீட்வே ஊரில் தங்கள் வீட்டுப் புல்வெளியில் எங்கள் காரை நிறுத்த இடம் கொடுத்த குடும்பத்துக்கு. சாயங்காலம் நெரிசலில் வண்டியை எடுக்க முடியாமல் நின்றபோது அப்பாவை உள்ளே கூப்பிட்டு சோபாவில் படுக்க வைத்தீர்கள், காரம் இல்லாமல் என்ன சாப்பிடுவார் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தீர்கள், போக்குவரத்து குறையும் வரைக்கும் போக விடவில்லை. ஊருக்குப் போன பிறகு அப்பா உங்களுக்காக முறுக்கும் அதிரசமும் அனுப்பிவைத்திருக்கிறார். உங்கள் வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் தெரு ஞாபகம் இருக்கிறது. மே மாதம் வரும்போது நேரில் கொண்டுவந்து தருகிறேன். மஞ்சள் சட்டை அம்மாவை யாருக்காவது தெரிந்திருந்தால் இந்த மடலை அவரிடம் படித்துக் காட்டுங்கள், அவருக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
இரண்டாம் திருப்பத்து மேடையிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்