பெண்ணியத் தாளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் முதுகலை படிக்கிறாள். போன வாரம் இரவு பதினோரு மணிக்கு இன்டர்னல் தேர்வுக்காகச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: மிதவாதப் பெண்ணியம், தீவிரப் பெண்ணியம், சமதர்மப் பெண்ணியம், முதல் அலை, இரண்டாம் அலை. "அந்த இரண்டாம் அலையில யார் என்ன எழுதினாங்கன்னு ஏதாவது படிச்சியா?" என்று கேட்டேன். "அது சிலபஸ்ல இல்லம்மா, வரையறைதான் கேப்பாங்க" என்றாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், நானும் இதே பட்டியலைத்தான் மனப்பாடம் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டாம் அலையில், அமெரிக்காவில் 1960களின் கடைசியில் கிளம்பிய பெண் விடுதலை இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு தொகுப்புகளுக்கு உண்டு. பல பெண்கள், ஆளுக்கு நாலு பக்கம், பத்துப் பக்கம் எழுதி, இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து சேர்த்துக் கட்டிய புத்தகங்கள். அவற்றில் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டாமல் அந்த இயக்கத்தைப் பாடமாக வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்று நினைக்கிறேன்.

1968 ஜூனில் நியூயார்க்கில் ஒரு பெண்கள் குழு 'நோட்ஸ் ஃபிரம் தி ஃபர்ஸ்ட் இயர்' என்று ஒரு சிறு பிரசுரம் கொண்டுவந்தது. விலை பெண்களுக்கு 50 சென்ட், ஆண்களுக்கு ஒரு டாலர். இந்த விலையை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டு "ஏன் இப்படி?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கூலி, சம்பளம், வீட்டில் காசு யார் கையில் இருக்கிறது என்று பேச்சு தானாகப் போகும், மணி அடித்தாலும் நிற்காது.

இதன் அடுத்த தொகுப்பு 1970-ல் வந்தது. உங்கள் கைடுகளில் தடித்த எழுத்தில் இருக்கிறதே, 'தனிப்பட்டது அரசியலே' என்ற வாசகம், அது அந்தத் தொகுப்பில் வந்த கட்டுரையின் தலைப்பு. எழுதியவர் கரோல் ஹானிஷ். 1969 பிப்ரவரியில், தான் வேலை பார்த்த இயக்கத்துப் பெண்களுக்கு அவர் எழுதிய குறிப்பு அது. பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பேசுவதை "இது மனநல சிகிச்சை, அரசியல் இல்லை" என்று சிலர் ஒதுக்கியதற்குப் பதில். அந்தப் புகழ்பெற்ற தலைப்பு தான் வைத்ததல்ல, தொகுப்பாசிரியர்களான ஷுலமித் ஃபயர்ஸ்டோனும் ஆன் கோட்டும் வைத்திருக்க வேண்டும் என்று ஹானிஷே பிற்பாடு எழுதினார். வாசகத்தை மட்டும் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிற பிள்ளைக்கு, அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது என்றோ, அந்தக் காகிதத்தை எடுத்துத் தலைப்பு வைத்து அச்சுக்கு அனுப்பிய கைகள் இருந்தன என்றோ எப்படித் தெரியும்?

அதே தொகுப்பில் பாட் மைனார்டி வீட்டு வேலையைப் பற்றி எழுதியது இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் கூடி எதையாவது வாசிப்போம். ஒருநாள் இதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வேலையைப் பகிர்ந்துகொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் எப்படிச் செய்வதென்று நீதான் காட்ட வேண்டும் என்கிறார் கணவர். அவர் சொல்வதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று மைனார்டி கீழே எழுதுகிறார்: ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கேட்பேன், ஒவ்வொரு தடவையும் நீ காட்ட வேண்டும், நீயே செய்துவிடுவது சுலபம் என்று உனக்குத் தோன்றும்வரை உன்னைப் படுத்துவேன். நான் முடிக்கவில்லை, தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி, "குக்கருக்கு எத்தனை விசில்னு எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா கேக்கறாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அக்கா பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கட்டுரை எழுதப்பட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பாஸ்டனில் 1969-ல் ஒரு கருத்தரங்கில் சந்தித்த பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே தேடிப் படித்து எழுதியதும் இப்படித்தான். 1970-ல் செய்தித்தாள் காகிதத்தில், ஸ்டேப்ளர் பின் அடித்து, 193 பக்கம், 75 சென்ட். அதுதான் 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' (நம் உடல்கள், நாம்) ஆகி உலகம் முழுக்கப் போனது.

அதே வருடம் ராபின் மார்கன் தொகுத்த 'சிஸ்டர்ஹுட் இஸ் பவர்ஃபுல்' வந்தது. அதன் ராயல்டியை அவர் பெண்கள் குழுக்களுக்கு உதவும் நிதியாக்கினார். டோனி கேட் பம்பாரா தொகுத்த 'தி பிளாக் உமன்' வந்ததும் அந்த வருடமே. ஃபிரான்சிஸ் பீல் எழுதிய ஒரு கட்டுரை, கறுப்பினப் பெண்ணுக்கு இனம், பாலினம் என்று இரட்டை அடி விழுவதைச் சொல்வது, இரண்டு தொகுப்பிலுமே இருக்கிறது. பக்கத்தில் எந்தக் கட்டுரைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரே எழுத்து எப்படி வேறாகக் கேட்கிறது என்று ஒரு மாணவி ஒப்பிட்டு எழுதட்டுமே.

எனக்கு இதிலெல்லாம் மிக நெருக்கமானது 1981-ல் வந்த 'திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்'. இரண்டு வருடம் முன்னால் ஒரு பெண்கள் முகாமில் வெள்ளைக்காரப் பெண்கள் தன்னை வேற்றாளாக நடத்தியதில் மனம் வெந்துபோன குளோரியா அன்சால்டுவா, செரி மொராகாவோடு சேர்ந்து, வெள்ளையரல்லாத பெண்களிடம் எழுத்துக் கேட்டுக் கடிதம் அனுப்பியதில் பிறந்த தொகுப்பு. அதில் அன்சால்டுவா எழுதிய மடல் ஒன்று உண்டு. தனி அறை கிடைக்கும் என்று காத்திருக்காதே, அடுக்களையில் எழுது, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுது, பஸ்ஸில் எழுது என்பார். விடுதித் தோழி கொடுத்த ஜெராக்ஸ் கட்டில், கடைசி இரண்டு பக்கம் மங்கிப்போய், நான் அதைப் படித்தேன். அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு நோட்டு இருக்கிறது. வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான் அது நிறைகிறது, இந்த மடலின் பாதியும் அங்கேதான் எழுதினேன்.

அந்தப் புத்தகத்தை வெளியிட்ட சின்னப் பதிப்பகம் 1983-ல் மூடப்பட்டது. பார்பரா ஸ்மித்தும் ஆட்ரி லார்டும் மற்றவர்களும் தொடங்கியிருந்த கிச்சன் டேபிள் பதிப்பகம் அதே வருடம் மறுபடி அச்சிட்டது. சமையலறை மேசை என்று பெயர் வைத்ததே, பெண்கள் கூடி வேலை செய்வதும் பேசுவதும் அங்கேதான் என்பதால். யாராவது கையில் எடுத்து அடுத்தவரிடம் கொடுக்கவில்லை என்றால் இப்படிப்பட்ட புத்தகங்கள் காணாமல் போய்விடும். இன்றைக்குக் கொடுக்க வேண்டிய கை உங்களுடையது.

இது வெளிநாட்டுக் கதை, நமக்கெதற்கு என்று போர்டு மீட்டிங்கில் யாராவது கேட்கலாம். சூசி தாருவும் கே. லலிதாவும் இந்தியப் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்து 'விமன் ரைட்டிங் இன் இந்தியா'வின் இரண்டு தொகுதிகளை 1991-லும் 1993-லும் கொண்டுவந்தார்களே, அதை நியூயார்க்கில் வெளியிட்டது அந்த இயக்கத்தின் காலத்தில் பிறந்த ஃபெமினிஸ்ட் பிரஸ். முன்னுரையைத் தொடங்குவதோ நம் சென்னையில்: தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுசாகப் பதிப்பிக்கிறார், ஆபாசம் என்று ஆங்கில அரசு அடுத்த வருடமே தடை போடுகிறது. யாழ்ப்பாணத்தில் 1986-ல் பத்துப் பெண்களின் கவிதைகளைச் சேர்த்து வந்த 'சொல்லாத சேதிகள்' இருக்கிறது. அதையும் இவற்றின் பக்கத்தில் வையுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது ஒரு அலகை, ஒரே ஒரு அலகை, வாசிப்புக்கு விடுங்கள். வகைகளின் பட்டியலைக் குறைத்துவிட்டு ஐந்து கட்டுரைகளை, உரிமை வாங்கி, நல்ல தமிழில் பெயர்த்துப் போடுங்கள். கேள்வித்தாளில் 'வரையறு' என்பதற்குப் பதில் 'இதைப் படித்து உனக்குத் தோன்றியதை எழுது' என்று ஒரு கேள்வி வரட்டும். நூலகத்தில் தொகுதிக்கு மூன்று பிரதியாவது வாங்குங்கள், அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

சனிக்கிழமை வாசிப்புக்காக மைனார்டியின் கட்டுரையை நான் தமிழில் சொன்னதைப் பிறகு உட்கார்ந்து எழுதி வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் இல்லை நான், பிழை இருக்கும். கேட்டால் மறுநாளே அனுப்புகிறேன், திருத்திப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா