ஜோஷின் அம்மா அந்த மலைக்குப் போகணும்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் கேட்டாயே, 'அன்டில் டான்' கேமுக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் எப்படி எடுக்கணும்மா என்று. அடுப்பில் பால் இருந்தது, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் தூக்கமே வரவில்லை, அதுதான் மண்டைக்குள் ஓடியது. போதாததற்கு நீ அனுப்பிய அந்தப் பனிமலைப் படம் வேறு. அந்தக் கதையும் நீ இருக்கிற ஆல்பர்ட்டாவில்தானே நடக்கிறது.

2015-ல் வந்த கேம், பனிமலை பங்களாவில் மாட்டிக்கொண்ட எட்டு நண்பர்கள் விடியும்வரை பிழைக்கிற பயங்கரக் கதை, நாம் எடுக்கிற முடிவைப் பொறுத்து யார் வேண்டுமானாலும் சாகலாம். நமக்குக் கிடைத்தது நீ பிளஸ் டூ முடித்த லீவில். மனிதக்கறி தின்றவர்கள் மாறுகிற அரக்கன், அந்த வெண்டிகோ, பக்கத்தில் வந்து நிற்கும்போது கன்ட்ரோலரை ஆடாமல் அசையாமல் பிடிக்கணும், இல்லையா? அதன் கண்ணுக்கு அசைவதுதான் தெரியும். நீ மணிக்கட்டை முழங்காலில் முட்டுக்கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தும் நான் எழுந்து போகவில்லை, அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது. எமிலியை வெண்டிகோ கடித்துவிட்டது என்று தெரிந்து, அவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று அவள் நண்பன் மைக் துப்பாக்கியை நீட்டியபோது, "சுடாதடா, அந்தப் பெண் அழுறா பாரு" என்று கத்தினேன். நீ சுடவில்லை. கொஞ்ச நேரத்தில் கடி தொற்றாது என்று, மலையில் வெண்டிகோக்களை வேட்டையாடுகிற கிழவரின் குறிப்பேட்டில் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதே கம்பெனி 2022-ல் 'தி குவாரி' எடுத்தது, சரி, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு காடு, வேறு பிள்ளைகள். நண்பர்களை அந்தப் பங்களாவுக்குக் கூப்பிட்ட ஜோஷ் என்ன ஆனான் என்ற கேள்வி எனக்கு அப்படியே நிற்கிறது. நாம் ஆடியபோது சாம் என்ற பெண், ஜோஷின் காணாமல்போன தங்கை ஹன்னாவின் டைரியைக் கண்டெடுத்திருந்தாள், அதனால் ஜோஷ் வெண்டிகோவாகிவிட்ட தங்கையை அடையாளம் கண்டுகொண்டான், அவள் அவனைக் கொல்லாமல் இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் சுரங்கத்துக்குள் அவனும் வெண்டிகோவாக மாறிக்கொண்டிருக்கிறான். டைரி கிடைக்காவிட்டால் அங்கேயே செத்திருப்பான். அந்த 2015 கேமில் அந்தப் பையனுக்கு இரண்டே கதிதான் வைத்தார்கள். மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒரே ராத்திரியில் இரண்டு தங்கைகளையும் தொலைத்தவன், நண்பர்களைப் பயமுறுத்த அவன் செய்தது கொடுமையான விளையாட்டுதான், அதற்காக இப்படியா விடுவது?

அதனால் இரண்டாம் பாகத்தில் நாம் ஆட வேண்டியது ஜோஷின் அம்மாவாக. அவனுடைய அப்பா சினிமாக்காரர் என்று வருகிறது, அம்மா ஒரு காட்சியில்கூட வந்து பேசியதில்லை. ஒரே மலையில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்.

முதல் பாகத்தில் நாம் ஆடிச் சேமித்துவைத்த ஆட்டத்தை இதில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று நீ கேட்பாய். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு கதி என்றாலே 256 விதமான தொடக்கம், யாரால் எடுக்க முடியும்? ஆனால் முதல் பாகம் முடியும்போது பிழைத்தவர்களைப் போலீஸ் விசாரிக்கிற துண்டுகள் வருமே, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். அம்மா ஒவ்வொருவரையும் தேடிப்போய், என் பிள்ளையை எங்கே விட்டீர்கள் என்று கேட்கிறாள். உன் ஆட்டத்தில் பிழைத்தவர்கள்தான் கதவைத் திறப்பார்கள், செத்தவர்கள் வீட்டில் வேறொரு அம்மா திறப்பாள். யார் சொல்வதை நம்புகிறாள் என்பதை வைத்து மலையில் அவள் போகிற வழி மாறணும். பதில் சொல்லாமல் நேரத்தைப் போகவிட்டால் அதுவும் ஒரு பதிலாகக் கணக்காகணும்.

இன்னொன்று. வெண்டிகோ, கனடாவின் பழங்குடிகளான க்ரீ மக்களும் அவர்களைச் சேர்ந்த இனத்தாரும் தலைமுறையாகச் சொல்லிவருகிற விஷயம். முதல் கேமில் அவர்கள் குறிப்பாகவும் மரப்பொம்மையாகவும்தான் வந்தார்கள். இந்த முறை ஒரு க்ரீ பெண் அம்மாவோடு மலையேறணும், அவளுக்குத் தெரிந்ததை அவள் வாயால் சொல்லணும், எழுதுகிறவர்களிலும் அந்த மக்கள் இருக்கணும். உன் ஊர்ப்பக்கம்தானே அவர்கள் இருக்கிறார்கள், நீயே விசாரித்துப் பார்.

முடிவுக்கும் ஒரு யோசனை இருக்கிறது. வெண்டிகோவைக் கொன்றால் அதற்குள் இருக்கிற ஆவி வெளியே போய், அடுத்து மனிதக்கறி தின்கிற எவனையாவது பிடிக்கும் என்று அந்தக் கிழவர் சொல்வாரே? அதனால்தான் அவர் பிடித்து அடைத்து வைத்திருந்தார். அப்படியென்றால் அம்மா மகனைக் கொல்லலாம், ஆவியை விட்டுவிட்ட பாவம் அவளுக்கு. இல்லை, அவனை அடைத்துவிட்டுச் சாகும்வரை அந்த மலையிலேயே காவல் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அவள் ஊர் திரும்பும்போது பழைய ஆளாக இருக்கமாட்டாள், திரும்பாமலும் போகலாம்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு காட்சி கண்டிப்பாக வேண்டும். வெண்டிகோ மனிதக் குரலில் கூப்பிடும், ஆஷ்லியை அவள் தோழி ஜெசிகா குரலில் கூப்பிட்டதே. சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துவிட்டது, கன்ட்ரோலரை அசைக்கக்கூடாது, இருட்டிலிருந்து ஜோஷ் சின்ன வயசுக் குரலில் அம்மா, அம்மா என்று கூப்பிடுகிறான். அரை நிமிஷம் கூப்பிடட்டும். அது அவனா, அவன் குரலில் வேறேதாவதா என்று சொல்லவே கூடாது.

அந்த இடத்தில் என்னால் கையை ஆடாமல் வைக்க முடியாது தம்பி. அடுத்த லீவுக்கு வரும்போது முதல் பாகத்தை இன்னொரு தடவை ஆடலாம், இரண்டாவது எப்போது வந்தாலும் அந்தக் காட்சிக்குக் கன்ட்ரோலரை நீதான் பிடிக்கணும்.

அன்புடன்,
அம்மா