பாயிண்ட்டுக்குக் காசு, வந்தது டெக்கால்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், அழகாபுரம், சேலம்.

பெறுநர்:
மேலாளர், கஸ்டம் கியூ விற்பனைப் பிரிவு.

பொருள்: கொட்டேஷனை மீறிய பில், பில்லில் உள்ள வேலை பூல் கியூவில் (பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல்) இல்லாதது தொடர்பாக.

ஐயா,

கொட்டேஷன் 38,000 ரூபாய், பில் 46,500. கூடுதல் 8,500-க்கு எதிரே 'மரவேலை' என்று ஒரே வார்த்தை. போனில் கேட்டதற்கு, கியூவின் பட்டில் (அடிப்பாதி) ஈட்டி மரம் என்பதால் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம்) அனுமதிச் செலவு என்றார் தங்கள் ஊழியர். ஈட்டி 2017 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் அது நாட்டு எல்லை தாண்டும் சரக்குக்கு. இங்கேயே அறுத்து, இங்கேயே கடைந்து, கூரியரில் சேலம் வந்த கியூவுக்கு அந்தச் செலவு எப்படி வரும்?

வி வடிவப் பள்ளம் வெட்டி, கருங்காலி இறக்கி ஒட்டிய நான்கு பாயிண்ட் (பட்டில் கூர்முனையாக ஏறும் அலங்காரம்) என்பதுதான் பேச்சு. வந்த கியூவில் பூதக்கண்ணாடி வைத்தால் பாயிண்ட் ஓரத்தில் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன. சிஎன்சியில் (கணினி வழி வெட்டும் இயந்திரம்) பதித்திருந்தால்கூட, கட்டர் திரும்பிய இடத்தில் முனை சற்று மழுங்கியிருக்கும். அதற்கேற்ற விலை போட்டிருந்தால் ஒத்துக்கொள்ளலாம். இதுவோ டெக்கால் (அச்சடித்த ஒட்டுப்படம்) ஒட்டி மேலே கோட்டிங் அடித்தது. ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கிய காசுக்குத்தான் பொருந்தவில்லை.

ஆட்டத்தையே கெடுப்பது ஜாயின்ட், அதாவது பட்டும் ஷாஃப்ட்டும் (முன்பாதி) பூட்டும் இடம். பூட்டி மேசையில் உருட்டினால் டிப் (நுனி) துள்ளுகிறது. ஏற்காட்டுக்கு எடுத்துப்போய் ஈரத்தில் வளைத்திருப்பீர்கள் என்பது தங்கள் பதில். வளைந்த மேப்பிள் என்றால் ஷாஃப்ட்டைத் தனியாகக் கண்ணாடிமேல் உருட்டும்போதே அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும். இங்கே ஷாஃப்ட் தனியாகவும் நேர், பட் தனியாகவும் நேர். கடைசிச் சுற்று முறுக்கும் முன் விளக்குக்கு நேரே பிடித்தால் ஒரு பக்கம் முடியளவு இடைவெளி, மறுபக்கம் ஒட்டிக்கொள்கிறது. லேத்தில் முகத்தைச் செங்குத்தாகச் சீவவில்லை. ஏற்காட்டுப் பனியைக் குறை சொல்வது வீண்.

9,000 ரூபாய்க்கு வந்த இரண்டாவது ஷாஃப்ட் பூட்டவே பூட்டாது. பட்டில் 3/8-10 பின் (பூட்டும் திருகு; 3/8 அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 10 மரை), ஷாஃப்ட்டில் 5/16-14 மரை. ஆர்டர் தாளில் பின் அளவு எழுதித்தான் இருக்கிறது. (எடை 19 அவுன்ஸ் கேட்டதற்கு 19.5 வந்ததைப் புகாராகச் சொல்லவில்லை. பட்டின் அடியில் உள்ள ரப்பர் பம்பரைக் கழற்றி வெயிட் போல்ட்டை மாற்றினால் தீர்ந்தது.)

பந்தைத் தொடுவது டிப். அதை நேராகக் கொண்டுபோவது ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும். தங்கள் விலையில் பெரும்பகுதி பட் அலங்காரத்துக்குப் போகிறது. பாயிண்ட், இன்லே (பதித்த அலங்காரம்) எதுவும் இல்லாத பட், நூல் ராப் (கைப்பிடிச் சுற்று), அதே ஷாஃப்ட் என்று ஒரு விலை தனியாகப் போட்டால் சேலத்து கிளப் பையன்களும் வாங்குவார்கள். இப்போது 'கஸ்டம்' என்றாலே அலங்காரத்தோடு சேர்த்துத்தான் தலையில் கட்டுகிறீர்கள்.

மரம், பாயிண்ட், ஜாயின்ட், ராப், ஷாஃப்ட், கூலி எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை போட்ட பில் வேண்டும். டெக்காலுக்கும் பதித்த பாயிண்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், கொட்டேஷனுக்கு மேல் வாங்கிய 8,500-ஐயும் திருப்பித் தர வேண்டும். ஜாயின்ட் முகத்தைச் சீவி, 3/8-10 மரையுள்ள ஷாஃப்ட்டுடன் அனுப்ப வேண்டும். போகவர கூரியர் செலவு தங்களுடையது. முகத்தைச் சீவினால் ஜாயின்ட்டின் காலர் வளையம் மெலிந்துவிடும் என்றால் புது ஷாஃப்ட்டே தர வேண்டும்.

15 நாளில் பதில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், ஆர்டர் தாள், ஜாயின்ட் இடைவெளியின் படங்கள் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்