மதில்மேல் நின்ற வெள்ளை உருவம்: இரவு நடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

விளக்கோடு தெருவில் நடந்து பழைய கதையும் பேய்க் கதையும் கேட்கும் எங்கள் பாளையங்கோட்டை இரவு நடைக்கு வந்துபோகும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பத்து நாளாக ஒரு போட்டோ எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. பழைய மதில்மேல் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஓர் உருவம். 'காசும் வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சேலை கட்டிய ஆளையும் நிறுத்திப் பயங்காட்டுகிறார்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. போட்டோ எங்கள் நடையில் எடுத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆள் இல்லை, கூகை என்கிற ஆந்தை.

கூகைக்கு முகமும் அடிவயிறும் வெள்ளை. இறக்கை விரித்தால் மூன்றடி வரும். இறகின் ஓரம் சீப்புப் பல் மாதிரி இருப்பதால் தலைக்கு மேலே பறந்தாலும் சத்தம் கேட்காது. கீழேயிருந்து வெளிச்சம் பட்டால் வயிறு பளிச்சென்று தெரியும். இதோடு போனின் 'நைட் மோடு' சேர்ந்துகொண்டது. அந்த மோடில் கேமரா ஒன்றிலிருந்து மூன்று விநாடி வரை வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அசையாத மதில் தெளிவாக விழும். அதே நேரத்தில் மதிலிலிருந்து எழும்பிய பறவை, போன பாதை முழுக்க வெள்ளையாக இழுபட்டு விழும். சேலை என்று பார்த்தது அந்த இழுபடலைத்தான். நம்பாதவர்கள் பகலில் அந்த மதிலடியைப் பாருங்கள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு மயிரையும் எலும்பையும் கட்டைவிரல் பருமனில் உருண்டையாகக் கக்கிப் போட்டிருக்கும். சேலை கட்டின ஆள் அதைச் செய்யமாட்டார்.

ஆள் நிறுத்துவது எங்களுக்குக் கட்டுப்படியும் ஆகாது. இருட்டில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பதறி ஓடினால் என்ன ஆகும்? சாக்கடை மூடி பல இடத்தில் இல்லை. தெருநாய் ஓடுகிறவர்களைத்தான் துரத்தும். ஒருவர் கால் முறிந்தால் அதோடு நடை நின்றுபோகும். அதனால்தான் வழிகாட்டி முன்னால் ஒருவர், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் வருகிறோம்.

அந்த உருவத்துக்குக் கிளாரிந்தா அம்மாள் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இதுதான் ரொம்ப வருத்தம். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஊர் சொல்லும் அந்தச் சிறிய கிறிஸ்தவ ஆலயத்தை அவர் 1785இல் எழுப்பினார். ஒரு கோவிலைக் கட்டி வைத்துப் போனவரைப் பேயாக்க எங்களுக்கு மனம் வராது. சுடலைமாடன், இசக்கி கதையும் அப்படித்தான். அவர்கள் காவல் தெய்வங்கள், எங்கள் பேய்க் கணக்கில் சேரமாட்டார்கள். பீடம் வரும் இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கித்தான் நடப்போம்.

பிறகு என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று ஊர் சொல்லும் கோட்டை மிச்சத்தின் முன்னால், 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை இந்தக் கோட்டைக் காவலிலிருந்து தப்பிய இரவைச் சொல்கிறோம். 1826இல் எழும்பிய தூய திரித்துவ ஆலயத்தின் ஊசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வைக்கிறோம். 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரண் சண்டையில் காயம்பட்டுச் செத்த கேப்டன் போல் (Pole) என்ற வெள்ளைக்காரத் துரையின் ஆவிக்குத் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்ட கதையும் உண்டு. துரை உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதைத்தானே வைக்க முடியும்! இதற்கு மேல் பொய்ப்பேய் எதற்கு?

விளக்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். டார்ச் தராமல் அரிக்கேன் விளக்கு தருவது பகட்டுக்கு இல்லை. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரு பிளாஷ் அடித்தால் எல்லார் கண்ணும் திரும்ப முதலிலிருந்து பழக வேண்டும். நாலு பேருக்கு ஒரு விளக்கு, மணிக்கு 25 மில்லி மண்ணெண்ணெய். திரியை நேராக வெட்டி இரண்டு மூலையையும் லேசாகக் கத்தரிக்காவிட்டால் சுடர் கொம்பு மாதிரி எழும்பிச் சிமினி கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடு. கண்ணாடிச் சிமினியும் மாதம் இரண்டாவது உடைகிறது.

குடம் தட்டி வில்லுப்பாட்டு மெட்டில் கதை சொன்ன தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல குரல், நல்லா இருக்கட்டும். அவருக்கு ஈடாக ஆள் அமையும்வரை வெள்ளி, சனி மட்டும் நடை. வண்ணார்பேட்டைப் பக்கம் வேனில் போய் ஆற்றங்கரையில் முடிக்கும் பகுதி இப்போதைக்கு இல்லை, கட்டணம் 350இலிருந்து 450 ஆகிறது.

வதந்தி ஓடும்போதும் போன சனிக்கிழமை ஓர் இடம் காலியில்லாமல் வந்து நின்றீர்களே, அதை மறக்கமாட்டோம். மழையில் நனைந்துகொண்டே கடைசிக் கதைவரை நின்றவர்களும் உங்களில் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் விளக்குக்குத் திரி வெட்டுகிறோம்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய கட்டணமே. தேதி மாற்றித் தருவோம். இரவு 9.30க்கு ஊசிக் கோபுரத்தின் எதிரில் வந்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், கால் மூடிய ஷூ போடுங்கள். போனைப் பையிலேயே வையுங்கள். கூகை அதே மதிலில்தான் இருக்கிறது, பார்க்கலாம்.

இப்படிக்கு,
இரவு நடை நடத்துவோர்,
பாளையங்கோட்டை